ராணியின் பனங்கட்டி

டிசம்பர் 29, ஞாயிறு

நுவரெலியாவிலிருந்து இன்று பின்னேரம் வந்து சேர்ந்தோம். சமையலுக்கென்று, வீட்டு வேலைக்கு நிற்கும் ராணியையும் கூட்டிப் போயிருந்தோம். அவளுடைய தாய் இருக்கும் தேயிலைத் தோட்டம் போகிற வழியில்தான். அந்தச் சந்தியில் நாங்கள் போன வானை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். மடியில் தாய்க்கு வாங்கிய பனங்கட்டி.

"பிள்ளையள் குளிரிலை நடுங்குதுகள். திரும்பி வரேக்கை நிப்பாட்டுவம்," என்றார் இவர். நானும் ஓம் என்றேன்.

மூன்று நாள் படகு, குதிரை என்று திரிந்தோம். திரும்பும்போது அருவி பார்க்க வேறு பாதையால் வந்துவிட்டோம். மலைநாடு விட்டு வவுனியாவும் தாண்டித்தான் எனக்கு அந்தச் சந்தி நினைவு வந்தது. பனங்கட்டி இன்னும் அவள் மடியில்.

வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணி ஊற்றினாள். கடிக்கப் பனங்கட்டியும் வைத்தாள்.

"உது அம்மாவுக்கு வாங்கினதெல்லே, ராணி?"

"வச்சிருந்தா கசிஞ்சிரும்மா. சாப்பிடுங்க."

இவர், "நல்ல பனங்கட்டி," என்று இன்னொரு துண்டு எடுத்தார். நானும் எடுத்தேன்.