சபை கேட்ட கையெழுத்து

கோண்டாவில்,
18-01-1993

அன்பு மகள் பத்மாசினிக்கு,

நானும் அம்மாவும் இருந்த வீட்டில் இருந்தபடியே இருக்கிறோம். இந்த நாட்களில் அதுவே பெரிய சுகம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மா முந்திவிடுவாள். உன் கட்டடக் கலை, நகர அமைப்புக் கல்லூரியின் பழைய மாணவர் சபை எனக்கு அனுப்பிய ஆங்கிலக் கடிதம் பொங்கலுக்கு முதல் வந்தது. என் எட்டாம் வகுப்பு இங்கிலிசை வைத்துக்கொண்டு வாசித்தேன். 'தகப்பன்' என்று இருந்தது, 'மேடை' என்று இருந்தது, மே 22 என்று இருந்தது. கீழே நான் ஒப்பம் வைக்க இடமும் விட்டிருந்தார்கள். வேறென்ன வேண்டும்? என்னைப் பட்டமளிப்புக்கு அமெரிக்காவுக்கு அழைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். சந்திக் கடையில் சொன்னேன், சலூனில் சொன்னேன். பக்கத்து வீட்டு அடைக்கலநாதன் தன் கலியாணத்துக்குப் போட்ட கோட்டை இரவல் வாங்கிப் போட்டும் பார்த்தேன். மூச்சை உள்ளே இழுத்தால் பொத்தான் பூட்டும். விட்டால் தெறிக்கும்.

அந்தக் கோட்டோடேயே, பதில் எழுதுவிக்க, சைக்கிளில் செல்வரட்ணம் மாஸ்டரிடம் போனேன். உனக்கு இங்கிலிஷ் படிப்பித்தவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் வாசித்தார்.

"சீவரத்தினம், இது உம்மை வரச் சொல்லிற கடிதம் இல்லை. இந்தச் சண்டைக்குள்ள உம்மால வர ஏலாது எண்டு அவைக்குத் தெரியும். உமக்குப் பதிலா வேறை ஒராள் நிக்கலாமோ எண்டு கேட்டிருக்கினம்."

அப்போதுதான் விளங்கியது. பட்டம் வாங்கும் பிள்ளையைத் தாயோ தகப்பனோ மேடைக்குக் கூட்டிப்போய்த் தோளில் பட்டுச் சால்வை போடுவது உங்கள் கல்லூரியின் வழக்கமாம். வர முடியாத பெற்றோருக்குப் பதிலாகச் சபையிலிருந்து ஒருவர் வருவாராம். உனக்கு மிஸ்டர் வார்னர் என்பவராம். தகப்பன் சம்மதித்து வைத்த ஒப்பம் ஏப்ரல் முடிவதற்குள் கிடைக்க வேண்டுமாம்.

கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் கண்டவர்களுக்கெல்லாம் வெக்கை என்று சொன்னேன். தை மாதத்தில்.

ஆர் பிள்ளை இந்த வார்னர்? உன் கடைசி நாலு கடிதத்திலும் அவர் பெயர் பதினொரு தரம் வருகிறது. நான் எண்ணவில்லை. அம்மாதான் எண்ணினாள்.

அன்புடன்,
அப்பா

---

அமெரிக்கா,
20-02-1993

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கோட்டுக் கதையை பஸ்ஸில் வாசித்துச் சிரித்ததில் பக்கத்தில் இருந்த கிழவி எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டாள். எண்ணியது அம்மா இல்லை என்று எனக்குத் தெரியும், அப்பா.

மிஸ்டர் வார்னருக்கு எழுபத்தொரு வயது. மனைவி இறந்துவிட்டா. பிள்ளைகள் இல்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னர் இதே கல்லூரியில் படித்துப் பள்ளிக்கூடங்களாகக் கட்டியவர். இப்போது பழைய மாணவர் சபையில் இருக்கிறார். சண்டை நடக்கும் நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகளைச் சபைக் காசில் படிப்பிக்க வேண்டும் என்று சபையில் பேசி முடிவெடுக்க வைத்தவர் அவர்தான். அது இல்லாவிட்டால் நான் இரண்டாம் வருடமே திரும்பியிருப்பேன். போன மாரியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மர வாங்கு ஒன்றில் குந்தியிருந்தார். சனிக்கிழமைகளில் எங்கள் வரைபடங்களைப் பார்க்க வருவார். ஒருநாள் புட்டு அவித்துக் கொடுத்தேன். தக்காளி சோஸ் ஊற்றிச் சாப்பிட்டார்.

என் கோடு நடுங்காமல் போகிறது, ஆர் பழக்கியது என்று கேட்டார். அப்பா வீடு கட்டுகிற மேசன், அத்திவாரத்துக்கு நூல் பிடிக்கும்போது மற்ற நுனியை ஏழு வயதிலிருந்து நான்தான் பிடித்தேன் என்றேன். உங்களைக் காண விருப்பம் என்றார்.

ஒப்பத்தை மட்டும் மறக்காமல் அனுப்பிவிடுங்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் யாரோ ஒருவரோடுதான் மேடை ஏறுவார்கள்.

உங்கள் அன்பு மகள்,
பத்மாசினி

---

கோண்டாவில்,
28-03-1993

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. புட்டுக்குத் தக்காளி சோஸ் ஊற்றுகிற மனுசனை நம்பி என் பிள்ளையை எப்படி ஒரு மேடையில் ஏற்றுவது என்று கேட்டேன். அதற்கு அம்மா, நான் மாம்பழத்தைச் சோற்றோடு பிசைவதைப் பற்றி அமெரிக்காவில் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள். உன் அம்மாவுக்கு ஆர் பக்கம் நிற்பது என்று தெரிவதில்லை.

இங்கே சீமெந்து வருவதில்லை. ஆகவே வீடு கட்டுவாரும் இல்லை. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு, குண்டுக்கு ஒளிக்கிற பங்கர் கட்டுவதுதான் இப்போது என் தொழில். நீ மேலே போகிற கட்டடம் படிக்கிறாய், நான் கீழே போகிற கட்டடம் கட்டுகிறேன். மிஸ்டர் வார்னருக்கு ஒரு பங்கர் கட்டத் தெரியுமோ என்று கேட்டுப் பார். மழைத் தண்ணி நிற்காமல் படி வைக்க அவருக்குத் தெரியாது. பந்தயம் பிடிக்கிறேன்.

நூல் பிடித்ததை நீ அவருக்குச் சொன்னது நல்லது. ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் இருந்த கதைக்குப் பிறகுதான் அதை எழுதியிருக்கிறாய். உனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது நான் பதினாறு நாள் இருந்தேன். வாங்கும் இல்லை, நிலத்தில். இதைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை. கணக்குக்குச் சொல்கிறேன்.

சபை கேட்ட அந்தக் கடதாசியில் ஏதாவது பிழை இருக்கலாம் என்று செல்வரட்ணம் மாஸ்டரிடம் பார்க்கக் கொடுத்திருக்கிறேன். தனியே அனுப்புவேன். இதற்கிடையில் எனக்கு ஒரு யோசனை. டொரன்டோவில் உன் மாமன் தியாகலிங்கம் இருக்கிறான்தானே? வேலிச் சண்டைக்குப் பிறகு பத்து வருடமாக எனக்கும் அவனுக்கும் கதை பேச்சு இல்லை. அவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொன்னவன் நான். பரவாயில்லை, அவனைக் கூப்பிடு. எப்படியும் எங்கடை ஆள்.

இதைக் கேட்டு அம்மா அடுப்படியில் இருந்து சொன்னாள்: "தியாகலிங்கத்தைக் கூப்பிடுற அளவுக்கு வந்திட்டுதோ உங்கடை எரிச்சல்?"

அன்புடன்,
அப்பா

---

அமெரிக்கா,
04-05-1993

அன்புள்ள அப்பா,

ஒப்பம் இன்னும் வரவில்லை. ஏப்ரல் முடிந்துவிட்டது. பட்டமளிப்புக்கு முதல் நாள் வந்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்று சபைச் செயலாளர் சொல்கிறா. மாமாவின் அகதி வழக்கு முடியவில்லை, எல்லை தாண்டி வர முடியாது. நீங்கள் சொல்லி அனுப்பியது என்றதும் தொலைபேசியில் அழுதார்.

ஒப்பம் இல்லாமலே மிஸ்டர் வார்னர் வரட்டும் என்று சபையில் சிலர் சொன்னார்களாம். அவர் மாட்டேன் என்றுவிட்டார். ஒரு தகப்பன் உயிரோடு இருக்கும்போது அவர் வாயால் ஓம் என்று வராமல் அவர் இடத்தில் நிற்பது களவு என்றாராம்.

எனக்காக வேறு ஒருவரையும் கேட்க விருப்பம் இல்லை. தபால் வரும் என்று இருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பெட்டியைப் பார்க்கிறேன்.

பத்மாசினி

---

அமெரிக்கா,
30-05-1993

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

பட்டம் கிடைத்துவிட்டது. இதோடு படம் வைத்திருக்கிறேன்.

கடைசிவரை தபால் வரவில்லை. தனியே ஏறினேன். சால்வையைத் தோளில் போட ஆள் இல்லாததால் கையில் தந்தார்கள், நானே போட்டுக்கொண்டேன். என் பெயரைக் கூப்பிட்டபோது முன் வரிசையில் மிஸ்டர் வார்னர் எழும்பினார். பிறகு திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார். எனக்கு ஒன்றும் இல்லை, அப்பா, இரண்டு நிமிட வேலைதான்.

உங்கள் மேல் கோபம் என்று நினைக்க வேண்டாம். சண்டைக்குள் கொழும்புக்குக் கப்பலில் வரும் தபாலுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? பாவம், எத்தனை தரம் தபால் கந்தோருக்கு அலைந்தீர்களோ.

அன்பு மகள்,
பத்மாசினி

---

கோண்டாவில்,
19-07-1993

அன்பு மகள் பத்மாசினிக்கு,

படம் வந்தது. அம்மா அதைச் சாமித் தட்டில் வைத்திருக்கிறாள். செல்வரட்ணம் மாஸ்டர் பார்த்துவிட்டு, எங்கடை ஊரிலிருந்து முதல் கட்டடக் கலைப் பட்டதாரி என்றார். சந்திக் கடையில் இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களாகவே கேட்டார்கள்.

இதோடு இரண்டு கடதாசி வருகிறது. ஒன்று மிஸ்டர் வார்னருக்கு. மாஸ்டரிடம் இங்கிலிசில் எழுதுவிக்கலாம் என்று பார்த்தேன். பிறகு, என் குற்றத்தை அவர் ஏன் எழுத வேண்டும் என்று தமிழிலேயே எழுதினேன். நீ பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல். மழுப்பாமல் சொல்.

மற்றது, சபை கேட்ட கடதாசி. பழசாகிவிட்டது, இனி அதால் பிரயோசனம் இல்லை. ஒப்பத்துக்குக் கீழே திகதியைப் பார். பெப்ரவரி இரண்டு.

ஓம் பிள்ளை. மாஸ்டரிடம் கொடுத்திருக்கிறேன் என்று எழுதியது பொய். அதை எழுத முதலே ஒப்பம் வைத்துவிட்டேன். பிறகு பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டு நாளை நாளை என்று இருந்தேன். கந்தோருக்கு இரண்டு தரம்தான் போனேன், நீ நினைக்கிற மாதிரி அலையவில்லை. முதல் தரம் வரிசை நீளம் என்று திரும்பினேன். இரண்டாம் தரம் வரிசையே இல்லை. முத்திரை விற்கிற பெடிச்சி, "ஐயா, என்ன வேணும்?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றுவிட்டு வந்தேன். அம்மாவிடம் தபாலில் போட்டாயிற்று என்று சொன்னேன். இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுவேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு கிடைக்குமோ தெரியாது.

நெருப்புக்காய்ச்சலுக்குப் பதினாறு நாள் என்று கணக்குக் காட்டினேனே, அந்த மனுசன் ஒரு கணக்கும் காட்டவில்லை. கேட்காமல் என் இடத்தில் நிற்க மாட்டேன் என்றார். என் இடத்தை எனக்காக அவர் காவல் காத்திருக்கிறார். நான் வரவும் இல்லை, விடவும் இல்லை.

உனக்குக் கோபம் வரட்டும். பதில் எழுதப் பிந்தினால் தபாலைக் குறை சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போவது இந்த வரி வரைக்கும்தான். இதற்குக் கீழே உள்ளது உனக்கு.

உன் படத்தைக் கையில் எடுத்ததும் அம்மா, "ஐயோ, பிள்ளை தனிய நிக்குது" என்றாள். அந்த நேரம் உன் முகத்தை நான் இன்னும் பார்த்திருக்கவில்லை. முதலில் பார்த்தது உன் பக்கத்தை. அங்கே ஆரும் இல்லை என்று கண்டதும், பிள்ளை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்பா