இரண்டாம் முறை ஏறிப்போனவனுக்கு

அண்ணே,

இன்று காலை பன்னீர் திராட்சைக்குக் கவாத்து. பந்தலுக்குள் நுழைந்ததுமே கம்பி நெற்றியில் இடித்துவிட்டது. நாற்பது வயதில், நடை பழகிய தோட்டத்திலேயே இப்படி! வெட்டிய கொடிகளில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சை வாசனையில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்திருந்தால், "ஏத்தா, கம்பி சும்மாதான் இருந்துச்சு, நீதான் போயி இடிச்ச" என்று எனக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லியிருப்பாய். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. தீர்ப்புச் சொல்லத்தான் ஆளில்லை.

நீ ஆறடி, நம் பந்தல் ஐந்தடி. பழம் நிறைந்த பெட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு, முழங்காலை மடக்கி, தலைக்கு மேல் தொங்கும் ஒரு குலைகூட ஆடாமல் வரப்புக்கு ஓடி வருவாய். நாங்களெல்லாம் நாலு நடை நடந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்போம். "பட்டாளத்துக்குப் போறேங்கிற, இப்படிக் கூனிக்கிட்டு நடந்தா அங்கன சேத்துக்குவாகளா?" என்று கேலி செய்தவள் நான்தான். சேர்த்துக்கொண்டார்கள்.

தொண்ணூற்றொன்பதில் பனிமலையில் சண்டை நடந்தபோது இரண்டு மாதம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பிறகு உன் அதிகாரியிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. பங்குச் சாமியார் ஞாயிறு பூசை முடிந்ததும் அதைத் தமிழில் சொன்னார். மேலே பாறை இடுக்கிலிருந்து எதிரிகள் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெட்டவெளிச் சரிவில் உன்னோடு இருந்தவர்கள் இரண்டு பேர் அடிபட்டுக் கிடக்கிறார்கள். யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை. நீயாகவே ஏறிப்போய் ஒருவனை முதுகில் தூக்கி வந்தாய். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அடுத்தவனுக்காகத் திரும்பவும் ஏறினாய். அந்த இரண்டாவது தடவை உன் தோளில் குண்டு பாய்ந்தது. அவனைக் கீழே போடாமல் கொண்டுவந்து சேர்த்தாய், ஆனால் அவன் பிழைக்கவில்லை. ஒன்றாகச் சோறு தின்று சண்டை போட்டு வளர்ந்த ஆளா இது என்று மலைத்துப்போய் நின்றேன்.

அடுத்த வருடம் பதக்கத்தோடு விடுமுறையில் வந்தாய். கோயில் மைதானத்தில் பாராட்டு விழா. நான்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தேன், கேட்கவா வேண்டும்? "நெஞ்சை நிமிர்த்திக் குண்டுகளை எதிர்கொண்ட சிங்கமே" என்று பெரிய எழுத்தில் துணியில் எழுதிக் கட்டச் சொன்னேன். நீ அண்ணாந்து படித்துவிட்டுச் சிரித்தாய்.

"யாருத்தா இத எழுதுனது? நெஞ்ச நிமித்தியிருந்தா இன்னைக்கு இங்கன எப்படி நிப்பேன்? நம்ம பந்தலுக்குள்ள பெட்டி தூக்குன மாதிரிதான் போனேன், வந்தேன்."

இவ்வளவுதான் நீ சொன்னது. நான் கூன் என்று கேலி செய்த அந்த நடையில்தான் நீ உயிரோடு வந்து சேர்ந்திருக்கிறாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

விழா தொடங்கும் முன் அந்த அம்மா வந்தார். கேரளாவில் கட்டப்பனைப் பக்கத்துக்காரர், ஏலக்காய்த் தோட்டத்தில் நம் ஊர்ப் பெண்களோடு வேலை செய்து தமிழ் பேசக் கற்றவர். இரண்டாவதாக நீ தூக்கி வந்தபோது உன் முதுகிலேயே உயிர்விட்ட பிஜுவின் தாய். மகன் எப்படிச் செத்தான் என்று உன் வாயால் கேட்க, பஸ் மாறி மாறி வந்திருந்தார்.

யாரை முதலில் தூக்குவது என்பதில் தவறிவிட்டேன் என்று முந்தின நாள்தான் நீ என்னிடம் சொல்லியிருந்தாய். உன்னைத் தனியே இழுத்துப்போனேன். "அண்ணே, இன்னொருத்தன மொதல்ல தூக்குன்னு பிஜுவே சொன்னான்னு சொல்லிரு. அந்தம்மா மனசாவது ஆறும். ஊரே கூடியிருக்கு, உன் பேரையும் கெடுத்துக்கிறாத."

நீ என்னைத் திட்டவில்லை. "அவன் ஒன்னும் சொல்லலயேத்தா" என்றாய். நேராக அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றாய்.

"அம்மா, ரெண்டு பேருமே உசுரோடதான் கெடந்தாங்க. கத்துனவன மொதல்ல தூக்கிட்டேன். பிஜு சத்தமே போடல. அதனால தாங்குவான்னு நெனச்சுட்டேன். அவனுக்குத்தான் அடி பலம். தப்பு என்னோடதும்மா."

அந்த அம்மா உன் பக்கத்தில் நெருங்கி வந்தார்.

"சின்னப் பிள்ளையிலேயே அப்படித்தான் மோனே. காய்ச்சல் கொதிச்சாலும் அழ மாட்டான். நானே ஏமாந்திருக்கேன்" என்றார். பிறகு, "நீ திரும்பிப் போனப்போ உன்னைப் பாத்தானா?" என்று கேட்டார்.

"பாத்தான்மா. தூக்குனதும் என் கழுத்தக் கட்டிக்கிட்டான்."

உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று மேடையில் யார் யார் பேசினார்கள் என்பது எனக்கு நினைவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் நம் வீட்டுக்கு வந்தது உனக்கே தெரியும். உன் அடக்கத்தன்று, நம் அம்மா இல்லாத குறைக்கு, முதல் பிடி மண்ணைப் போட்டவரும் அவர்தான். போன மாதம் வந்திருந்தபோது இத்தனை வருடம் மனதில் அரித்ததைச் சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னைக்கு உங்ககிட்ட ஒரு பொய் சொல்லச் சொல்லி அண்ணன்கிட்டச் சொன்னேன்." என்ன பொய் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் மோளே. நம்பிட்டு, இந்த அம்மையை நெனைக்காம உயிரை விட்டுக்கொடுத்துட்டானேன்னு சாகிறவரைக்கும் எண்ட பிள்ளைமேல கோபப்பட்டுட்டே இருந்திருப்பேன்."

அண்ணே, நல்லது செய்வதாக நினைத்து, செத்த மகன்மேல் தாய்க்குக் கோபத்தை உண்டாக்கப் பார்த்திருக்கிறேன். அவர் மன்னிப்பாரா, ஊர் முன்னால் சபிப்பாரா என்று உனக்கு அன்று எதுவும் தெரியாது. தெரியாமலேதான் போய் நின்றாய். பதக்கம் என் பீரோவில் இருக்கிறது, பார்க்க வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன். மலையில் நீ செய்ததைச் சொல்லிவிட்டு, தப்பு என்னோடது என்று அந்த அம்மாவிடம் நீ சொன்னதையும் சேர்த்தே சொல்கிறேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது.

உன் தங்கச்சி