சுடாத நெற்றி

1936 மார்கழி, வெள்ளி இரவு

நாலு நாளாக வாப்பாவின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுடவே இல்லை. மடையன் நான், அதை நம்பினேன்.

அவருக்கும் என் மகளுக்கும் ஒரே நாளில்தான் தடிமனும் இருமலும் பிடித்தது. அவளுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. காய்ச்சலை எடுத்துவிடு ரஹ்மானே என்று தொழுது அழுதுகொண்டு அவளோடேயே கிடந்தேன். இன்று அவள் முற்றத்து மழைத்தண்ணியில் குதிக்கிறாள். வாப்பாவோ காலையில் என் முகத்தைப் பார்த்து, "நீங்க ஆரு தம்பி?" என்று கேட்டார்.

ஓடிப்போய் ஆஸ்பத்திரி அப்போதிக்கரியைத் தோணியில் கூட்டிவந்தேன். முதுகில் குழாய் வைத்துக் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் சளி கட்டிட்டு. ஏன் இவ்வளவு சுணங்கினீங்க?"

"காய்ச்சல் இல்லையே ஐயா."

"பிள்ளைட உடம்பு நோயோட சண்டை பிடிச்சது, அதுதான் சுட்டது. வயசு போனா, சுடுறதுக்கும் உடம்பில பெலன் வேணும் தம்பி."

மருந்து கொடுத்தாயிற்று. பாதி வாயோரமாய் வழிந்துவிட்டது. இடது கையை அவர் நெற்றியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது.

ரஹ்மானே, மகளிடமிருந்து எடுத்த காய்ச்சலை என் வாப்பாவுக்குக் கொடு.