கியர் பாக்ஸில் பாதி ஆயில்

அன்பு மகள் ஹெப்சிபாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் இருக்கிறேன், மூட்டுவலியும் கூடவே இருக்கிறது. நீயும் வினோத் மாப்பிள்ளையும் கனடாவில் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். போனில் வாயைத் திறந்தாலே சரிம்மா சரிம்மா என்று அவசரப்படுகிறாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், இதை வாசித்துத்தானே ஆகவேண்டும்.

காரை விற்றுவிடு என்று சொன்னாயே, விற்கவில்லை. தனக்கு இடது கால் பலமிழந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோது அப்பா தேடித் தேடி வாங்கிய ஆட்டோமேட்டிக் வண்டி, அவர் போன பிறகு இந்த வயதில் நான் ஓட்டப் பழகியது, அதை யாரிடம் கொடுப்பேன். போன மாதம் அது மக்கர் பண்ணியது. கியரைப் போட்டால் செத்த நேரம் யோசித்துவிட்டு ஒரு உதறு உதறித்தான் நகர்ந்தது. இங்கே ராஜபாளையத்தில் காட்டினேன், கியர் பாக்ஸ் போச்சு, பழைய இரும்புக்குத்தான் போடணும் என்றார்கள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வண்டியும் இல்லையென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அப்பாவைப் பார்க்க எப்படிப் போவேன், வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

மெல்ல உருட்டிக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் வேல்பாண்டியிடம் நிறுத்தினேன். கியர் பாக்ஸ் ஆயில் எப்பக்கா மாத்துனிய என்று கேட்டார். அப்படி ஒன்று தனியாக உண்டென்றே எனக்குத் தெரியாது, அப்பாவும் மாற்றியதில்லை. எஞ்சினை ஓடவிட்டு அதன் அளவுக் குச்சியை உருவினார், சிவப்பாக இருக்கவேண்டிய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் தீய்ந்த வாடையோடு இருந்தது. துடைக்கட்டுமே என்று பேண்டேஜ் துணியை நீட்டினேன், அப்பா வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து குவித்தது இன்னும் கிடக்கிறதே. நூல் பிரிஞ்சு உள்ள போனா அம்புட்டும் அடைச்சுக்கும்க்கா என்று ஒரு சத்தம் போட்டார். எஞ்சின் ஆயில் குச்சியை இத்தனை நாளும் அதில்தான் துடைக்கிறேன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. எந்த ஆயில் என்பது அந்தக் குச்சியின் தலையிலேயே பொறித்திருக்கிறது. கடையில் சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றுதான் என்று வேறெதையோ கொடுத்தார்கள், வேல்பாண்டி அதைத் திருப்பிவிட்டுச் சரியானதை மதுரையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தார். அதையும் முழுக்க மாற்றவில்லை. பழைய வண்டி, ஒரேயடியா மாத்துனா தாங்காதுக்கா, இப்பப் பாதி, முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, பொறவு மீதி என்றார்.

வண்டி எப்படி ஓடுகிறதென்று பார்க்க என் பக்கத்தில் உட்கார்ந்து வன்னியம்பட்டி வரை வந்தார். உதறல் இல்லை. நான் ஓட்டப் பழகி முடித்த பிறகு அந்த சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். கொஞ்சம் பேசாம வாங்கக்கா, கியர் மாறுற சத்தம் கேக்கணும் என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது முந்நூறு கிலோமீட்டருக்கு நான் எங்கே போவேன் ஹெப்சி. அப்பா கல்லறைக்குப் போய்வந்தாலும் இருபத்தைந்துக்கு மேல் ஏறாது. ஞாயிறு ஆராதனைக்குப் போகும் கோவில் தெருமுனையில் இருக்கிறது, மார்க்கெட் அதற்கு அடுத்தாற்போல். ஒருநாள் தளவாய்புரம் வரை போனேன், அங்கே யாரைப் பார்ப்பது, ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மதுரை ஏர்போர்ட்டுக்கு உன்னைக் கூப்பிட ஒரு நடை, கொண்டுவிட ஒரு நடை போனால் வேல்பாண்டி சொன்ன கணக்கு முடிந்துவிடும். கிறிஸ்மஸுக்கு வருகிறேன் என்று வருஷா வருஷம் சொல்கிறாய். இந்த வீட்டில் தனியாக இருக்க எனக்கு முடியவில்லை, அதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே. உன் காருக்கும் அந்த ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று மாப்பிள்ளையிடம் கேள். கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. மீதி ஆயில் டப்பாவை டிக்கியில் சாயாமல் வைத்திருக்கிறேன், நீ வந்து போன பிறகுதான் திறக்கவேண்டும்.

உன் அம்மா,
தங்கபாய்
ராஜபாளையம்