பெரிய சபைக்கு நீ வைத்த பரீட்சை

மச்சான்,

இன்று ஜெலாப்பாங் சிக்னலில் என் காருக்கு முன்னால் ரப்பர் ஒட்டுப்பால் ஏற்றிய லோரி ஒன்று நின்றது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். நான் இறக்கினேன். அந்த நாற்றத்தில் நம் இறையியல் கல்லூரியின் சிற்றாலயம் கண்முன் வந்தது, நீயும் வந்தாய். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. வீடு வரும்வரை உன்னோடு பேசிக்கொண்டே வந்தேன். மிச்சத்தை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நீ முதல்வர், நான் துணை ஆசிரியர். பத்து காஜா சாலையில் பலகைக் கட்டடம், ஒழுகும் கூரை, பன்னிரண்டு மாணவர்கள். ஆனால் நம் பிரசங்கத் தேர்வு மாதிரி வேறெங்கும் கிடையாது. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி முடித்தவர்கள், உடுப்புகூட மாற்றாமல், ஒட்டுப்பால் வாடையோடு வந்து உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு அவர்களில் ஒருவர், வெளியே நிற்கும் இன்னொருவரிடம் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லையென்றால் மாணவன் ஃபெயில்.

ஈப்போவின் பெரிய சபை ஒன்று நம்மோடு கைகோக்க வந்தது அப்போதுதான். புதுக் கட்டடம் கட்டித் தருவார்கள். பதிலுக்கு, யார் தேறினார் என்பதை அவர்கள் அலுவலகம் முடிவு செய்யும். எனக்கு வாயெல்லாம் பல்.

நீயோ, "கட்டடம் வேணும்தான். ஆனா பாஸு ஃபெயிலு அவங்க போட்டா, அவங்களுக்குப் பிடிச்சவன்தான் பாஸ்டர் ஆவான்" என்றாய்.

"உன் பிடிவாதத்துல பிள்ளைங்க மழையில நனையுதுங்க!" என்று நான் கத்தினேன்.

நீ அந்தச் சபையின் தலைமைப் பாஸ்டரையே நம் தேர்வில் பிரசங்கிக்க அழைத்துவிட்டாய். மனிதர் கோட்டு போட்டு வந்து முக்கால் மணி நேரம் வெளுத்து வாங்கினார். முடிந்ததும் பால் வெட்டும் மரியக்கா எழுந்து, வெளியே நின்ற தன் தங்கையிடம் சொன்னார்:

"நல்ல சத்தமா பேசுனாரு லா. கிரேக்கமெல்லாம் சொன்னாரு. என்ன சொல்ல வந்தாருன்னுதான் தெரியல. பாவம், தொண்டை காஞ்சிருக்கும், தண்ணி கொண்டா."

முதலில் சிரித்தவர் பாஸ்டர்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு அவர், "நான் ஃபெயிலு. மறுபடி எப்ப வரலாம்?" என்று கேட்டார். ஒப்பந்தத்தில் தேர்ச்சி பற்றிய அந்த வரியைத் தன் பேனாவாலேயே அடித்தார். கட்டடமும் வந்தது. மூன்றாம் தடவைதான் அவர் தேறினார். அன்று நீ எழுந்து நின்று கைதட்டியதை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது உன் நாற்காலியில் நான். அந்தச் சபையின் புதிய தலைமை போன வாரம் அதே நிபந்தனையை, இந்த முறை ஒரு மாணவர் விடுதியோடு, கொண்டுவந்தது. நான் தயங்கியதைப் பார்த்து நம் இளம் ஆசிரியர் என்மேல் கத்தினார். கோபமே வரவில்லை, மச்சான். அவருக்கும் பிள்ளைகள்மேல்தான் கவலை. அன்று நான் கத்தி முடித்ததும் நீ என்னை முனைக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சூடாக ஒரு கிளாஸ் தே வாங்கித் தந்தாய். நானும் அவரைக் கூட்டிப்போய் வாங்கித் தந்தேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து போடவில்லை.