முதல் பக்கத்தில் சிவப்புக் கட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்?

போன வாரம் கோர்ட் படி ஏறினேன். பதறாதீர்கள், வழக்கு என் மேல் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர், ஒரு அம்மாவுக்கு ஒவ்வாத ஊசியைப் போட்டுவிட்டார். ஒவ்வாமைக் குறிப்பு ஃபைலின் கடைசிப் பக்கத்தில் கிடந்தது. அந்த அம்மா பிழைத்துவிட்டார். பேச்சுதான் இன்னும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி தரப்பில் நிபுணர் சாட்சியாக என்னை நிறுத்தினார்கள்.

“நீங்களா இருந்தா இந்தத் தப்பைச் செய்வீங்களா, டாக்டர்?” என்று அந்த அம்மாவின் வக்கீல் கேட்டார்.

“போன வருஷம் வேற ஒரு நோயாளிக்கு இதே தப்பைச் செய்யப் போனேன். நர்ஸ் கையைப் பிடிச்சுட்டாங்க. வெட்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா அந்தக் குறிப்பு அப்பவே முதல் பக்கத்துக்கு வந்திருக்கும்” என்றேன்.

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இப்போது ஃபைலின் முதல் பக்கத்திலேயே ஒவ்வாமைக்கென்று சிவப்புக் கட்டம் அச்சடித்துவிட்டார்கள். கேன்டீனில்தான் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. ஒரு மேஜை முழுக்க எனக்கே, ராஜபோகம்!

அடுத்த பார்சலில் என் நீல ஸ்வெட்டரை வையுங்கள். முடிந்தால் நான் சாப்பிடும் நேரத்தில் கூப்பிடுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டால் போனை டிவி பக்கத்தில் வைத்துவிடுங்கள், போதும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் வாயாடி மகள்