பானட்டுக்குள் சந்தன வாசனை

பாய்,

போன வாரம் முக்கொம்பில் வண்டியை நிழலில் போட்டுவிட்டு பானட்டைத் தூக்கினேன். குப்பென்று சந்தனமும் பன்னீரும் கலந்த வாசனை. ஆயுத பூஜை முடிந்து நாலு நாள்கூட ஆகவில்லை. ஸ்ரீரங்கத்தில் சவாரி ஏற்றியபோது சும்மா இருந்த டாஷ்போர்டில், பாதி வழியில் அந்த மஞ்சள் எஞ்சின் லைட் எரிய ஆரம்பித்திருந்தது. வந்தவர்கள் அணையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் தனியாக நின்றுகொண்டு உங்களைத்தான் நினைத்தேன். இதே லைட்டை வைத்துத்தானே நாம் அன்றைக்குச் சண்டை போட்டோம்.

நாம் என்று சொல்வதுகூடத் தப்பு. சண்டை போட்டது நான் மட்டும்தான்.

அந்த வருஷம் பூஜைக்கு ரெண்டு நாள் முன்னால் தென்னூரில் உங்கள் பட்டறையில் சர்வீஸ் முடித்து வண்டியை எடுத்துப்போனேன். பூஜை முடிந்த மறுநாள் லைட் எரிந்தது. எனக்குத்தான் மூக்கு மேல் கோபம் வருமே! உங்களிடம் வராமல் ஹைவேஸ் ஓரம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கிற சென்சார் போய்விட்டது என்று புதுசு மாற்றினார்கள். ஒரு நாள் லைட் அணைந்திருந்தது. மறுநாள் திரும்ப எரிந்தது. அப்படியானால் வண்டியின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். அங்கே கத்தாமல் நேராக உங்கள் பட்டறைக்கு வந்து கத்தினேன். எங்கள் டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர்கள் நாலு பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை.

“லைட் எரியறதுக்கு முன்ன கடைசியா கை வெச்சது நீங்கதானே பாய்? நல்லா இருந்த வண்டிய என்ன பண்ணி வெச்சீங்க?”

நீங்கள் துபாயில் வேலை பார்த்தபோது வாங்கிவந்த ஸ்கேனரை மாட்டி, அதில் வந்த நம்பரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டீர்கள்.

“நம்பர் வந்துடுச்சுல்ல? அந்த சாமான மாத்தி விடுங்க” என்றேன்.

“எந்தத் தெருவுல சண்டைன்னு மட்டும்தாண்ணே இது சொல்லும். யார் மேல தப்புன்னு நாமதான் போய்ப் பாக்கணும். பாக்காம மாத்தக் கூடாது. நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

நான் வந்தபோது பானட் மூடியிருந்தது. லைட்டும் இல்லை. கையைத் துணியில் துடைத்தபடி எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். “வயர் சேர்ற ஒரு பிளக்க நான் சரியா அழுத்தல. என் தப்புதான். மன்னிச்சிடுங்கண்ணே.”

நான் அதோடு விட்டேனா? ஸ்டாண்டுக்குப் போய், “பாய்க்குக் கவனம் போச்சுப்பா, அவரே ஒத்துக்கிட்டாரு” என்று நாலு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு மூணு பேர் உங்களிடம் வண்டி விடுவதையே நிறுத்தினார்கள். உங்கள் கைராசியை நம்பி வந்தவர்கள் அவர்கள். விஷயம் உங்கள் காதுக்கும் வராமலா இருந்திருக்கும்? என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முந்தின நாள் ஆற்றுப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். பானட்டைத் திறந்து ஒரு பிளக்கின்மேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுவீர்கள். எதுக்கு இது என்று என் வீட்டுக்காரி கேட்டதற்கு, “தலைக்கு ஊத்தும்போது காதுல தண்ணி போகக் கூடாதுல்லம்மா?” என்றீர்கள். அவள் சிரித்தாள். நானோ, “அழுத்தாம விட்ட பிளக்க நெனச்சு இன்னும் பயம் போலயிருக்கு” என்று குத்திக்காட்டினேன். அதற்கும் சிரித்தீர்கள்.

இந்த வருஷம் கவர் சுற்ற நீங்கள் இல்லை. ரம்ஜானுக்கு அப்புறம் மாரடைப்பில் போய்விட்டீர்கள். எனக்கும் தோன்றவில்லை. வழக்கம்போல வண்டியைக் கழுவி, எஞ்சினுக்குச் சந்தனம் கரைத்துத் தடவி, பன்னீரைத் தாராளமாகத் தெளித்தேன்.

முக்கொம்பில் நான் எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் போன் பண்ணவில்லை. வண்டியை அணைத்து ஆறவிட்டு, நீங்கள் கவர் சுற்றும் அந்தப் பிளக்கை மெல்ல இழுத்தேன். உள்ளே சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டிப் போயிருந்தது. ஒரு பின்னில் பச்சைக் களிம்பு.

அட பாய்! அப்படியே பம்பரில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று நீங்கள் பார்த்ததும் இதைத்தானே? நீங்கள் அழுத்தாமல் விடவில்லை. என் கைதான் அதற்குள் சந்தனத்தை ஊற்றியது. பூஜைச் சந்தனத்தால் வந்த கோளாறு என்று நீங்கள் சொல்லியிருந்தால், இருந்த கோபத்தில் நாலு பேர் நடுவில் நான் என்ன பேசியிருப்பேனோ. நினைத்தாலே கூசுகிறது. என் வாய்க்குப் பயந்தீர்களோ, என் மனசு நோகக் கூடாது என்று பார்த்தீர்களோ, தெரியவில்லை. என்னை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள். லைட் எரிந்ததும் காரணம் பார்க்காமல் சாமான் மாற்றினார்களே, நானும் அதைத்தானே செய்தேன்? பார்க்காமலே உங்கள் பேரைக் கெடுத்தேன்.

பிளக்கைச் சுத்தம் பண்ணிக் காயவைத்து மாட்டினேன். ரெண்டு மூணு நாள் ஓட்டியதும் லைட் தானாக அணைந்தது. அது அணைந்த அன்று காலையிலேயே ஸ்டாண்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். உங்களிடம் வருவதை நிறுத்திய மூணு பேரில் ரெண்டு பேர் இருந்தார்கள். ஒன்று விடாமல் சொன்னேன்.

“விடுங்கண்ணே, அவரே போயிட்டாரு. இப்ப எதுக்கு இதெல்லாம்?” என்றான் ஒருவன்.

“அவரு போயிட்டாரு. நான் சொன்ன பொய் இன்னும் இங்கதானப்பா இருக்கு” என்றேன்.

ஒரு பிளாஸ்டிக் கவரும் ரப்பர் பேண்டும் ஆர்.சி. புக்கோடு சேர்த்து வண்டியிலேயே வைத்திருக்கிறேன். அடுத்த பூஜைக்கு முந்தின நாள் நானே சுற்றுவேன். எதுக்கு இது என்று யாராவது கேட்டால், காதில் தண்ணி போகும் என்று உங்களைப்போல மழுப்ப மாட்டேன் பாய். நடந்ததைச் சொல்லுவேன்.